இரத்தலும் உதவி நாடலும்: கணித அறிஞர் இராமானுசன் வாழ்வை முன்வைத்து ஆடவர் உளத்துயர் பற்றிய ஓர் ஆய்வு

கொங்கு நாட்டில் ஓர் ஆடவர் மற்றோர் ஆடவரிடம் பொருளுதவி கேட்பது புதுமையன்று. 'கைமாற்று' என்று கேட்பர். கொடுத்தவரும் அதனைப் பெரிதாகப் பேசார். திருமணத்தின்போதும் காதணி விழாவின்போதும் மொய் எழுதுவர். மொய் எழுதிய சுவடியைப் பல ஆண்டு கழித்தும் புரட்டிப் பார்த்துத் திரும்பச் செய்வது இங்கு முறை. வாங்கினோம் என்று யாரும் நாணித் தலைகுனிவதில்லை. பூளைப்பூ மிகுந்த மேடாதலின் பூளைமேடு எனப்பட்டுப் பின் பீளமேடு என மருவிற்று என்று சொல்லப்படும் எம் ஊரிலும் இதுவே வழக்கு. ஆலைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் சீட்டுப் பெற்று விடுப்பெடுப்பார், அதிலும் நாணமில்லை. ஆனால் அதே மனிதர், 'எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இரவில் உறக்கம் இல்லை. உதவி வேண்டும்' என்று ஒருவரிடம் சென்று சொல்லுதல் அரிதினும் அரிது. சொல்லத் துணியினும், 'தலைநோவு', 'நெஞ்சு கனக்கிறது', 'உடம்புக்கு முடியவில்லை' என்று உடலின்மேல் ஏற்றியே சொல்வர். கைமாற்றுக் கேட்கும் நா இதனைக் கேட்கத் தயங்குவது ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

ஆண்மகன் இயல்பாகவே அடக்கமுடையவன், ஆதலின் சொல்லான் என்னும் விடை பலராலும் கூறப்படுவது. அது போதாது என்பது எம் கருத்து. அடக்கமே காரணமாயின் கைமாற்றும் கேட்கப்பட்டிராது. இவ்வினா ஏட்டளவில் நிற்பதும் அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோர் 1,64,033 பேர். அவருள் ஆடவர் 1,18,979 பேர். நாட்கூலித் தொழிலாளர் மட்டும் 42,004 பேர். இவருள் எத்தனை பேர் அதற்கு முன் ஒருவரிடமேனும் வாய் திறந்தனர் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது.

முதற்கண் நம் இலக்கிய மரபை நோக்குவாம். 'அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே' என்னும் பழமொழி இன்றும் வழங்குகிறது. இதனைக் கேட்போர், ஆடவர் அழுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டே இழுக்கு எனக் கருதக்கூடும். அது பிழை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதன் நிலைக்களன்கள் நான்கு என வகுக்கிறது. ஆண் அழுகை, பெண் அழுகை என்று பிரிக்கவில்லை. புறத்திணையில் கையறுநிலை என்னும் துறையே உண்டு. பாரியை இழந்த கபிலர் அத்துறையில் பாடிய பாடல்களில் தம் நிலையை மறைத்தாரல்லர்; அதற்காக அவரை யாரும் ஆண்மை குன்றியவர் என்றதும் இல்லை. இழந்ததைச் சொல்லி அழ ஆடவர்க்கு ஒரு துறை இருந்தது. இழவு நேர்ந்த பின் அழுவது ஒன்று. துயரின் நடுவில் நின்று 'என்னைத் தாங்குக' என்று கேட்பது வேறொன்று. முன்னதற்குத் துறை வகுத்த நம் மரபு பின்னதை எங்கே வைத்தது?

இவ்வினாவுக்கு விடை காணப் புறநானூற்று 74 ஆம் பாடலின் அடிக்குறிப்புச் செய்தி பெரிதும் உதவுகிறது. கருவூரைத் தலைமையாகக் கொண்டு கொங்கு நாட்டுப் பகுதிகளை ஆண்டது இரும்பொறை மரபு என்பது வரலாற்றறிஞர் பலர் கொள்கை. அம்மரபினனாகிய சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானொடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். நீர் வேட்கையால் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே தந்திலர். காலம் தாழ்த்துத் தந்தனர். கையில் வாங்கியவன் உண்ணாது உயிர் நீத்தான். இதனை மானத்தின் உச்சமாகவே ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றனர். யாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும், மன்னனை வருத்தியது விடாய் மட்டும் அன்று. 'கேட்டேன்' என்னும் நினைவே அவனை மிகுதியும் வருத்தியது என்பதை உணர்தல் வேண்டும். உதவி கேட்டல் இரத்தலாக மாறிய இடம் இது. ஈண்டு மற்றொரு மரபும் கருதத்தக்கது. பொய்கையார் களவழி நாற்பது பாடி, அதனைப் பரிசிலாக வைத்துச் சேரனை மீட்டார் என்பர். இரண்டு மரபுகளுள் எது வரலாறு என்று முடிவு செய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒன்றில் மன்னன் தானே கேட்டு நாணுகிறான். மற்றொன்றில் அவனுக்காகப் புலவர் கேட்கிறார். தமக்காகத் தாமே கேட்க இயலாதவர்க்கு அவர் பொருட்டுப் பிறர் ஒருவர் கேட்டாக வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

திருக்குறளிலும் இவ்விருமை உண்டு. மானம் என ஓரதிகாரமும் இரவச்சம் என ஓரதிகாரமும் வைத்த வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதலில் வைத்தார். நோயாளி வாய் திறவாதவழி ஏனைய மூன்றும் பயனற்றவை என்பது சொல்லாமலே விளங்கும். மருந்து அதிகாரத்தைப் படிக்கும் நாம் உடல் நோயை மட்டும் நினைக்கிறோம். மன நோய்க்கு வந்தபோது மானத்தையும் இரவச்சத்தையும் நினைக்கிறோம்.

கொங்கு நாட்டின் பெருங்கதையாகிய அண்ணன்மார் கதையில் இப்போக்கு இன்னும் தெளிவு. உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்படும் இக்கதையை 1965 ஆம் ஆண்டளவில் காங்கயம் பகுதியில் பிரெண்டா பெக் என்னும் அறிஞர் ஒலிப்பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் துயரை வாளால் முடித்துக்கொள்கின்றனர். தேடிச் சென்று புலம்புவது தங்கை தங்காளின் பங்கு. ஒப்பாரி பெண்டிர்க்கு, செயல் ஆடவர்க்கு என்னும் பங்கீடு இது. கையறுநிலை பாடிய கபிலர் காலத்திலிருந்து நாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை இதனால் அறியலாம்.

இனி, அண்மை நூற்றாண்டிற்கு வருவாம். ஆவணச் சான்று மிக்கதும் கொங்கு மண்ணோடு தொடர்புடையதுமான ஒரு வாழ்வு, கணித அறிஞர் சீனிவாச இராமானுசனுடையது. கும்பகோணத்தார் என்றே அவரை அறிவோம். பிறந்தது 1887 திசம்பர் 22 அன்று, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். நோயுற்றுத் திரும்பிய பின் 1919 ஆம் ஆண்டில் அவர் தங்கி இளைப்பாறியதும் காவிரிக்கரைக் கொடுமுடியில். அந்நாளில் ஈரோடும் கொடுமுடியும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இராமானுசன் உதவி கேட்க அறியாதவர் அல்லர். 1910 ஆம் ஆண்டில் தம் குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரையும், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவையும் கண்டார். வேலை கூட வேண்டா, ஆராய்ச்சி செய்ய ஓய்வும் உண்ண உணவும் போதும் என்பதே அவர் வேண்டுகோள். ராவ் மாதம் 25 ரூபாய் தந்து வந்தார். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு முதல் மடல் எழுதினார். அடுத்த மடலிலேயே தாம் அரைப்பட்டினியாய் இருப்பதையும், மூளையைக் காக்க உணவு வேண்டுமென்பதையும் நாணமின்றிக் குறித்தார். முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவரிடம் பசியைச் சொல்லத் தயங்காத மனிதர் இவர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மனத்துயர் வந்தபோது இவர் செய்தது வேறு. 1905 ஆம் ஆண்டில் கல்லூரி உதவித்தொகையை இழந்தபோது எவரிடமும் சொல்லாது வீட்டை விட்டு விசாகப்பட்டினம் பக்கம் சென்றுவிட்டார். பெற்றோர் தேடி அலைந்தனர். கேம்பிரிட்ஜில் நண்பர் ஒருவரையும் அவர்க்கு உறுதி செய்யப்பட்டிருந்த பெண்ணையும் தம் அறைக்கு அழைத்துத் தாமே சமைத்து விருந்திட்டார். மீண்டும் பரிமாற வந்தபோது அப்பெண் போதுமென்றார். அதனை அவமதிப்பாகக் கொண்ட இராமானுசன் அறையை விட்டு வெளியேறினார். சில நாள் கழித்து ஆக்சுபோர்டிலிருந்து வழிச்செலவுக்குப் பணம் அனுப்புமாறு செய்தி வந்தது. நண்பரிடம் பணம் கேட்க நாணவில்லை. புண்பட்டேன் என்று சொல்லத்தான் அவரால் இயலவில்லை. நகைச்சுவைக் கதையாகவே இதனைப் பலர் எடுத்துரைப்பர்; எமக்கு இதில் நகைப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

1914 மார்ச்சு 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுசன், ஏப்பிரலில் இலண்டன் அடைந்தார். ஆகத்தில் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவு கிடைத்தல் அரிதாயிற்று, குளிர் வாட்டியது. வீட்டிலோ தாய் கோமளத்தம்மாளுக்கும் மனைவி சானகிக்கும் இணக்கமில்லை. சானகி எழுதிய மடல்கள் அவர் கையை எட்டவில்லை. 1917 ஆம் ஆண்டில் நோயுற்று மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்கினார். மென்டிப் மலையில் இருந்த மருத்துவமனையை நடத்தியவர், பிற்காலத்தில் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவிய சௌரிமுத்து. மருத்துவர் நம்மவரே; ஆயினும் ஆராயப்பட்டது நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமே. இறுதிவரை அவர்க்குற்றது காசநோய் என்றே மருத்துவர் நம்பினர். கல்லீரலில் அமீபா நோய் இருந்திருக்கலாம் என்னும் கருத்தை 1994 இல் யங் என்னும் ஆய்வாளர் விரித்துரைத்தார். உடல் நோயைப் பற்றி இத்துணை நூலும் கட்டுரையும் உண்டு.

1918 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடி இருப்பூர்தி நிலையம் ஒன்றில் இராமானுசன் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நிலையக் காவலர் ஒருவரின் விரைவால் பிழைத்தார். பிழைத்தவரை முதலில் எதிர்கொண்டவர் மருத்துவர் அல்லர், காவல் துறையினர். அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். 1961 ஆம் ஆண்டின் சட்டமே அங்கு அதனை நீக்கிற்று. ஹார்டிக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து, இவர் வேத்தியல் கழக உறுப்பினர், இவரைச் சிறைப்படுத்தல் கூடாது என்று வாதாடி மீட்டார். உண்மையில் இராமானுசன் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்குப் பின்னரே, 1918 மே 2 அன்று. பொய்கையார் பாட்டால் செய்ததை ஹார்டி ஒரு பொய்யால் செய்தார் எனலாம். இவ்வொப்புமையைத் தமிழ் படிப்போர் குறையாகக் கொள்ளார் என நம்புகிறோம்.

ஆயினும் மீட்ட பின் நிகழ்ந்தது என்ன? அவ்வாண்டிலேயே வேத்தியல் கழக உறுப்பினர் பதவியும், அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரி உறுப்பினர் பதவியும் வந்தன. சிறப்புகள் வந்தன, உசாவல் வரவில்லை. நாள்தோறும் உடனிருந்தும் இராமானுசன் எந்நூல்களைக் கற்றார், எவ்வாறு தம் தேற்றங்களைக் கண்டார் என்பதைக்கூடத் தாம் கேட்டறியவில்லை என்று ஹார்டியே பிற்காலத்தில் எழுதினார். கணிதத்திலேயே இங்ஙனமாயின், மனத்தைப் பற்றிக் கேட்டிருப்பார் என்று நாம் எங்ஙனம் எதிர்பார்ப்பது? 1918 சூனில் இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் மாட்லாக்கு மருத்துவ இல்லத்திற்குச் சென்று இராமானுசனுடன் மூன்று நாள் தங்கினார். திரும்பியதும் ஹார்டிக்கு நீண்ட மடல் விடுத்தார். அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியது. அம்மடலைக் குறை கூறுவார் உளர். யாம் அங்ஙனம் கூறோம். தமிழர் ஒருவர் மற்றொருவர்பால் கொண்ட அன்பை 'என்ன உண்டாய்' என்றே கேட்பர். வேறு சொல் அவர்க்கு அமையவில்லை. பொய்கையாரைப் போலப் பிறர் பொருட்டு வாய்திறந்த அப்பொறியாளரே, இராமானுசன் கதையில் எம் மனத்திற்கு மிகவும் நெருங்கியவர்.

இராமானுசன் கொடுப்பதில் குறைவுடையவரும் அல்லர். 1919 சனவரியில், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு அளிக்க முன்வந்த ஆண்டுக்கு 250 பவுன் தொகையைப் பற்றி எழுதுங்கால், பெற்றோர்க்கும் தம் தேவைக்கும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்றோர்க்கும் கல்விக்காக அளிக்குமாறு வேண்டினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு விடுத்த இறுதி மடல் கணிதம் பற்றியதே. நீயும் உடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்ற பொருள்பட அவர் தம்மிடம் கூறியதாகச் சானகியம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தனிமையைப் பற்றி அவர் விட்ட சொற்களுள் எமக்குத் தெரிந்தவரை இதுவே வெளிப்படையானது; அதுவும் காலம் கடந்து வந்தது. 1920 ஏப்பிரல் 26 அன்று, 32 ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார்.

பின்னர் நிகழ்ந்தது வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்களின் பங்கு. 1927 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின் முகப்பில் சேசு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிய வரலாற்றிலோ, 1940 இல் நூலாக வந்த ஹார்டியின் சொற்பொழிவுகளிலோ இலண்டன் நிகழ்ச்சிக்கு இடமில்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற வானியற்பியல் அறிஞர் சு. சந்திரசேகர் ஹார்டியிடம் கேட்டறிந்திருந்ததைப் பல்லாண்டு கழித்தே வெளியிட்டார். 1991 ஆம் ஆண்டில் கானிகல் எழுதிய வரலாற்றின் வழியே பொதுமக்கள் பரவலாக அறிந்தனர். மறைத்தோர் தீயோர் அல்லர். அன்பினாலும் மதிப்பினாலும் மறைத்தனர். ஆனால் எழுபது ஆண்டுக்காலம் தமிழ் மாணவர் படித்த இராமானுசன், பசித்தவராகவும் நோயுற்றவராகவும் மட்டுமே இருந்தார். துயருற்று மீண்டும் எழுந்து ஆய்வைத் தொடர்ந்த மனிதரை அவர்கள் காணவில்லை. கண்டிருப்பின், அவருள் ஒருவரேனும் 'அத்தகையவர்க்கே வந்தது, எனக்கு வந்ததில் என்ன வியப்பு' என்று எண்ணியிருக்கக்கூடும்.

ஹார்டியின் முடிவும் இங்குக் குறிக்கத்தக்கது. உடல் தளர்ந்து கணித ஆற்றலும் குன்றிய நிலையில் 1947 ஆம் ஆண்டில் அவரும் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தார். அவ்வாண்டு திசம்பரில் இயற்கை எய்தினார். அவர் நண்பர் சி. பி. சுனோ 1967 இல் அதனை எழுதினார். ஒருவர்க்காகக் காவல் நிலையத்தில் வாதாடியவர் தமக்காக ஒருவரிடமும் முன்னரே வாய் திறந்தாரில்லை. ஆகவே இதனைத் தமிழர்க்கு மட்டும் உரிய குறை என்று கொள்ளுதற்கில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் போக்கையும் சுருங்கக் காண்பாம். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 309 ஆம் பிரிவு, உயிர்விட முயன்று பிழைத்தவர்க்கு ஓராண்டு வரை வெறுங்காவல் விதித்தது. 1912 ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளரைப் பெரிதும் நடுவர் ஆணை வழியே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. தாமே விரும்பி வருவோர்க்கும் அதில் இடம் இருந்தது, ஆயினும் மேற்பார்வையாளர் இருவரின் இசைவு வேண்டும். கொங்கு நாட்டார்க்கு மனநோய் மருத்துவமனை என்பது நெடுந்தொலைவில் இருந்த சென்னைக் கீழ்ப்பாக்கம். 1871 முதல் அங்கு இயங்கும் அந்நிலையத்தால் பயன் பெற்றோர் பலர். 1961 முதல் அதன் தலைமையில் இருந்த மருத்துவர் சாரதா மேனன் அதனைப் பெரிதும் திருத்தியமைத்தார். இருந்தும் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே ஒருவரை இகழும் சொல்லாகத் திரைப்படத்திலும் தெருவிலும் வழங்கலாயிற்று. ஓர் ஊர்ப்பெயர் வசைச்சொல்லான பின், அவ்வூர் வழி கேட்பவர் யார்?

இந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிர்விட முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்றும், அவர்க்கு அரசு உதவி செய்தல் வேண்டும் என்றும் அதன் 115 ஆம் பிரிவு கூறுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 ஆம் பிரிவு இல்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானசு என்னும் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது. பீளமேட்டிலேயே 1985 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்று உள்ளது. இராமானுசனுக்கு இருந்த தொலைவு எம்மூர்த் தொழிலாளிக்கு இல்லை. எஞ்சியிருப்பது சொல்.

சொல் எம் துறையைச் சார்ந்தது. மனவழுத்தம், மனச்சோர்வு, உளவியல் ஆலோசனை என்பன புதிய சொற்கள். மருத்துவர் மேசையில் வழங்குவன. ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் நின்று ஆடவர் தம் துயரைச் சொல்லும் சொற்கள் வேறு: 'ஒருமாதிரியாக இருக்கிறது', 'எதிலும் மனம் ஓடவில்லை', 'நோவு', 'தூக்கம் பிடிக்கவில்லை'. வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் நாம் உழவுச் சொல், நெசவுச் சொல், உணவுச் சொல் தொகுத்தோம். துயர்ச் சொல் தொகுத்தோமில்லை. கொங்கு வட்டாரத்தில் இத்தகைய சொற்களை ஊர்தோறும் கேட்டுத் திரட்டி, எச்சொல்லை எவ்வயதினர் எந்நிலையில் ஆள்கின்றனர் என்னும் குறிப்போடு அகரநிரலாக்கி, அதனைப் பீளமேட்டு மருத்துவர்க்கும் 14416 இல் விடை சொல்வோர்க்கும் கொடுத்தல் இயலும். 'தலைநோவு' என்று வந்து நிற்பவரிடம் அடுத்துக் கேட்க வேண்டிய வினா யாது என்பதை அத்தொகுதி காட்டும். அப்பணிக்கு ஆராய்ச்சி மாணவர் இருவரும் ஓராண்டுக் காலமும் போதும்.